மத்தியஸ்த சபைக்குப் போகுமுன்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தில் மத்தியஸ்தராக இருப்பவரைச் சந்தையிலும் பஸ்ஸிலும் கூட விட மாட்டார்கள். "எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது, போகத்தான் வேண்டுமா?" என்று ஆரம்பிப்பார்கள். அப்படிக் கேட்கப்படும் கேள்விகளையும், வழக்கமாக நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். சட்டத்தரணியிடம் கேட்க வேண்டியதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

மத்தியஸ்த சபை என்பது சின்ன நீதிமன்றமா?

இல்லை. எங்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. அபராதம் விதிக்க முடியாது, யாரையும் விளக்கமறியலுக்கு அனுப்ப முடியாது, யார் பொய் சொன்னார் என்று முடிவு கட்டவும் முடியாது. இரண்டு தரப்பும் தாங்களாகவே ஓர் உடன்பாட்டுக்கு வர உதவுவதே எங்கள் வேலை. உடன்பாடு வராவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் தருவோம். அதைக் கொண்டு நீதிமன்றம் போகலாம்.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்தச் சபைகள் 1990 முதல் இயங்குகின்றன. வயதானவர்கள் இன்றும் "இணக்கசபை" என்பார்கள். அது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருந்த பழைய அமைப்பு. கட்சிக்காரர்களை நியமித்துக் கெட்ட பெயர் எடுத்த அந்த அமைப்பு 1978இல் ஒழிக்கப்பட்டது. அந்த அனுபவத்தால்தான் இப்போது மத்தியஸ்தர்களை நியமிக்கும் பொறுப்பு ஐவர் கொண்ட ஓர் ஆணைக்குழுவிடம் இருக்கிறது. அதில் குறைந்தது மூவர் உயர் நீதிமன்றத்திலோ மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ நீதியரசர்களாக இருந்தவர்கள்.

மத்தியஸ்தர்களுக்குச் சம்பளம் உண்டா?

இல்லை. வந்துபோகும் செலவுக்கு ஒரு சிறு படி கிடைக்கும். நல்ல தீர்வு கிடைத்த மகிழ்ச்சியில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதையும் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம். எதிர்த்தரப்பு ஒழுங்கை முனையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

எந்தப் பிணக்குகளைக் கொண்டு வரலாம்?

எல்லைத் தகராறு, பாதைத் தகராறு, கொடுக்கல் வாங்கல், சீட்டுப் பணம், வாடகை, கட்டாக்காலி மாடு, பங்குக் கிணறு எல்லாம் வரும். சிறு காயம், அவமதிப்பு, பயமுறுத்தல், அத்துமீறி நுழைதல், சொத்துக்குச் சேதம் விளைவித்தல் போன்ற, சட்டத்தின் அட்டவணையில் உள்ள குற்றங்களும் வரும்.

பணப் பெறுமதிக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்கு உட்பட்ட பிணக்கு முதலில் சபைக்கு வந்துதான் நீதிமன்றம் போக முடியும். அந்த வரம்பு ஆரம்பத்தில் 25,000 ரூபாவாக இருந்தது. 2011இல் இரண்டரை இலட்சமாகவும் 2016இல் ஐந்து இலட்சமாகவும் உயர்த்தப்பட்டது. இப்படி அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையில் உள்ள தொகையைச் சபைத் தவிசாளரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வரம்புக்கு மேற்பட்ட பிணக்கையும் விரும்பினால் கொண்டு வரலாம்.

விவாகரத்து, காணிப் பங்கீட்டு வழக்கு, மரணசாதன (உயில்) வழக்கு, பிள்ளையைத் தத்தெடுத்தல் ஆகியவை நீதிமன்றத்துக்கு உரியவை. முஸ்லிம் விவாகரத்துக்குக் காதி நீதிமன்றம் இருக்கிறது. சட்டமா அதிபர் தொடுத்த வழக்கில் நாங்கள் கை வைக்க முடியாது.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்தேன். அவர்கள் என்னைச் சபைக்கு அனுப்பிவிட்டார்கள். இது தட்டிக்கழிப்புத்தானே?

சில வேளைகளில் தட்டிக்கழிப்பாகவும் இருக்கும், மறுக்கமாட்டேன். ஆனாலும் அட்டவணைக் குற்றம் என்றால் சபையின் சான்றிதழ் இல்லாமல் வழக்கை நீதிமன்றம் ஏற்காது என்பதுதான் சட்டம். முறைப்பாட்டின் பிரதியையும் இலக்கத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காயம் பாரதூரமானது என்றால், அதைச் சிறு காயம் என்று எழுதிச் சபைக்குத் தள்ளிவிட இடம் கொடுக்காதீர்கள். மருத்துவ அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

உள்ளே உண்மையில் என்ன நடக்கும்?

ஒரு பள்ளிக்கூட மண்டபம், சனி அல்லது ஞாயிறு காலை. மாணவர் வாங்குகள், ஒரு மேசை. ஒவ்வொரு தரப்பும் பட்டியலில் இருந்து ஒரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்யலாம். அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். அவரே அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்குவார்.

முதலில் முறையிட்டவர் பேசுவார், குறுக்கீடு கிடையாது. பிறகு மற்றவர். தேவைப்பட்டால் ஒவ்வொரு தரப்போடும் தனியாகப் பேசுவோம். நான் அதிகம் மதிப்பது அந்தத் தனிப் பேச்சைத்தான். சபையில் எழுந்து நின்று ஐம்பதாயிரம் கேட்டவர், தனியறையில் கதவைச் சாத்தியதும், "காசு வேண்டாம், அவன் என் அம்மாவைச் சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுக்கட்டும்" என்பார்.

தம்பலகாமத்துப் பக்கம் அடிக்கடி வரும் மாட்டு வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன். கதிர் வரப்போகும் குடலைப் பருவ வயலுக்குள் இரவில் மாடுகள் இறங்கிவிட்டன. வயல்காரர் ஏக்கர் கணக்கில் நட்டம் கேட்டார். மாட்டுக்காரர் தன் பட்டி கட்டியே இருந்தது என்று சத்தியம் செய்தார். இருவரும் மாறி மாறிச் சத்தமிட்டு ஒரு மணி நேரம் போனது. பிறகு குழுவில் இருந்த ஒரு பெண் மத்தியஸ்தர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "வேலி எந்தப் பக்கம் திறந்திருந்தது?" வேலி திறந்திருந்தது வாய்க்கால் கட்டுப் பக்கம். அந்த வழியாக டிராக்டர் போகவேண்டும் என்று வேலிக் கடவையான கண்டாயத்தைக் கழற்றி வைத்தவர் வயல்காரரின் மருமகன். மண்டபம் அமைதியானது. மாடு யாருடையது என்ற கேள்வி அப்படியே இருந்தது, ஆனால் குற்றம் முழுவதும் ஒரு பக்கம் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த அமர்வுக்கு, வயல் வாய்க்கால் விடயங்களைப் பார்க்கும் வட்டவிதானையை அழைத்தோம். அழிந்த பரப்பை அவர் அடியளந்து சொன்னார். அதில் பாதிக்கு, அறுவடையில் நெல்லாகவே கொடுப்பதென்றும், கண்டாயத்தை இருவரும் சேர்ந்து செப்பனிடுவதென்றும் எழுதிக் கையெழுத்திட்டார்கள். நீதிமன்றத்தில் இந்த வழக்கு நடந்திருந்தால் "யாருடைய மாடு" என்பதிலேயே வருடங்கள் ஓடியிருக்கும்.

சட்டத்தரணியை அழைத்து வரலாமா?

முடியாது. ஆனால் வருமுன் ஒரு சட்டத்தரணியிடம் ஆலோசனை பெறுவதை யாரும் தடுக்கவில்லை. காணி விடயமென்றால் கட்டாயம் பெறுங்கள்.

நான் அங்கே சொல்வதை நாளைக்கு நீதிமன்றத்தில் எனக்கெதிராகப் பயன்படுத்துவார்களா?

சபையின் முன் சொன்ன எதையும் பின்னர் எந்த வழக்கிலும் சாட்சியமாக ஏற்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. அதனால் அங்கே மனம் திறந்து பேசலாம், மன்னிப்பும் கேட்கலாம். மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம் நம் ஆட்களிடம் நிறைய இருக்கிறது. சட்டம் அந்தப் பயத்தைத்தான் நீக்கியிருக்கிறது. ஆனால் எதிராளி ஊரில் போய்க் கதை பரப்புவதைச் சட்டத்தால் தடுக்க முடியாது. திருகோணமலை பெரிய ஊரல்ல.

மத்தியஸ்தர் எதிராளியின் சொந்தக்காரர் என்றால்?

உடனே சொல்லுங்கள். முகத்தாட்சணைக்காக வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, முடிவு பிடிக்காதபோது வெளியே நின்று புழுங்குவது பெரிய தொல்லை. அந்த மத்தியஸ்தர் தாமாகவே விலக வேண்டும். விலகாவிட்டால் தவிசாளரிடம் முறையிடுங்கள்.

சொந்தம் மட்டுமல்ல. எங்களில் பலர் ஓய்வுபெற்ற அதிபர்கள், ஆசிரியர்கள். பழைய மாணவன் வாங்கில் உட்கார்ந்திருந்தால் உபதேசம் தானாக வந்துவிடும். "நீ அப்போதே இப்படித்தான்" என்று ஆரம்பிக்கும் மத்தியஸ்தரால் எந்தப் பிணக்கும் தீர்ந்ததில்லை. உபதேசம் கேட்க நேர்ந்தால், "ஐயா, என் பக்கத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

எதிராளி வரவே இல்லை. அல்லது வந்து கையெழுத்திட்டுவிட்டு மீறிவிட்டார். என்ன செய்வது?

வராவிட்டால் மீண்டும் அழைப்போம். பிறகும் வராவிட்டால் சான்றிதழ் தரப்படும். கையெழுத்திட்டு மீறினால் தவிசாளருக்கு அறிவியுங்கள், மறுபடி அழைத்துப் பேசுவோம். அதுவும் பலிக்காவிட்டால் நீதிமன்றம்தான். நீதிமன்றமே சபைக்கு அனுப்பிய வழக்கு என்றால், உடன்பாடு நீதிமன்றத்திலேயே பதிவாகும்.

ஒன்று கவனியுங்கள். மீறப்படும் உடன்பாடுகளில் பல, ஆரம்பத்திலேயே நடக்க முடியாதவை. மீன்பிடித் தொழிலாளி ஒருவர் கச்சான் காற்றுக் காலத்தில் எவ்வளவு உழைப்பார், வாடைக் காலத்தில் எவ்வளவு உழைப்பார் என்று கேட்காமல் மாதத் தவணையை எழுதினால், கடல் கொந்தளிக்கும் முதல் மாதத்திலேயே அந்தக் காகிதம் செல்லாக்காசு.

எந்த மொழியில் நடக்கும்? எதிராளி சிங்களவர்.

பட்டினமும் சூழலும், கந்தளாய், சேருவில போன்ற பிரதேச செயலகப் பிரிவுகளில் இது அன்றாடப் பிரச்சினை. இரு மொழியும் தெரிந்த மத்தியஸ்தரைக் கேட்டுத் தெரிவு செய்யுங்கள். உடன்படிக்கை உங்களுக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்டிருந்தால், வரிக்கு வரி வாசித்துச் சொல்லும்வரை கையெழுத்திடாதீர்கள். "சாராம்சம் இதுதான்" என்பது போதாது.

தமிழர், முஸ்லிம் இருவருக்கும் இடையிலான பிணக்குக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை, ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மூதூரிலோ கிண்ணியாவிலோ இரண்டு மோட்டார் சைக்கிள்கள் உரசிய விடயம் சில மணி நேரத்தில் இரண்டு சமூகங்களின் விடயமாகிவிடும். அப்படியான வேளையில் கோயில் பரிபாலன சபையும் பள்ளிவாசல் நிர்வாகமும் தொலைபேசியில் பேசிக்கொள்வது எங்கள் கடிதத்தைவிட வேகமாக வேலை செய்கிறது. நாங்கள் வருவது அதற்குப் பிறகுதான்: உடைந்த கண்ணாடிக்கு யார் பணம் கொடுப்பது, யார் யாரிடம் வருத்தம் தெரிவிப்பது என்ற சில்லறைக் கணக்குக்கு. சில்லறைக் கணக்கு என்று சொன்னேன், ஆனால் அதைத் தீர்க்காமல் விட்டால் அடுத்த உரசலில் வட்டியோடு வரும்.

இடம்பெயர்ந்து திரும்பி வந்தேன். என் காணியில் வேறொருவர் இருக்கிறார். சபை எடுத்துத் தருமா?

எடுத்துத் தராது. ஆனால் வருவது வீண்போகாது.

இந்த மாவட்டத்தில் காணிப் பிணக்கு என்றால் அதற்குள் குறைந்தது இரண்டு இடப்பெயர்வுகள் இருக்கும். 1990இல் போனவர்கள், 2004 டிசம்பர் சுனாமியில் காணி உறுதியோடு வீட்டையும் இழந்தவர்கள், 2006இல் மூதூர் கிழக்கை விட்டு ஓடியவர்கள். சம்பூர் மக்கள் 2015இலிருந்துதான் தம் மண்ணை மிதித்தார்கள். திரும்பி வரும்போது வளவில் இருப்பவரும் பெரும்பாலும் எங்கிருந்தோ துரத்தப்பட்டு வந்தவர்தான். ஒருவர் கையில் 1970களின் அரச காணி அனுமதிப்பத்திரம், மற்றவர் கையில் கிராம உத்தியோகத்தரின் கடிதம். எல்லைக்கல்லைக் காணவில்லை. எல்லைக்கு அடையாளமாக நின்ற பாலை மரத்தையும் யாரோ தறித்துவிட்டார்கள்.

2003ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் குறிப்பிட்ட வகைப் பிணக்குகளுக்கென விசேட மத்தியஸ்த சபைகளை அமைக்க வழி செய்தது. அதன் கீழ் காணிக்கான விசேட சபை திருகோணமலையிலும் அமைக்கப்பட்டது. காணிப் பிணக்கை விளங்கிக்கொள்ளத் தனிப் பயிற்சி பெற்றவர்கள் அங்கே இருக்கிறார்கள், இடத்துக்கே வந்தும் பார்ப்பார்கள். நடந்த தீர்வுகள் எப்படி இருக்கும் தெரியுமா? இருப்பவர் வைத்த தென்னைகளுக்கும் கட்டிய கிணற்றுக்கும் ஒரு தொகை, பிள்ளையின் சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை அவகாசம், அதன்பின் வெளியேற்றம். அல்லது வளவைப் பிரித்து ஒரு பகுதியை எழுதிக் கொடுத்தல். அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலாளரின் ஒப்புதல் இல்லாமல் பிரிக்கவோ கைமாற்றவோ முடியாது. அதை மறந்து போடும் உடன்பாடு செல்லாது.

இரண்டு எச்சரிக்கைகள். பத்து வருடம் தடையின்றி ஆண்டுவந்ததால் காணி தனக்கே என்ற ஆட்சியுரிமை வாதம் உங்களுக்கு எதிராக வரலாம். போரினால் வழக்குத் தொடுக்க முடியாமல் போனவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டது. ஆனால் அதன்படி வழக்குத் தொடுக்க இரண்டு வருட அவகாசமே தரப்பட்டது, அது முடிந்துவிட்டது. ஆகவே சபையில் பேசிக்கொண்டிருக்கும் அதே காலத்தில் சட்டத்தரணியையும் பாருங்கள். அடுத்தது, எதிரே நிற்பது தனி மனிதராக இல்லாமல் ஒரு முகாமோ, வனத் திணைக்களத்தின் எல்லைக்கல்லோ, தொல்லியல் திணைக்களத்தின் பலகையோ என்றால் எங்கள் கை எட்டாது. குச்சவெளிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்கிறேன். பொய் நம்பிக்கை கொடுத்து ஆறு வாரம் அலையவைப்பதைவிட அது மேல். பிரதேச செயலகம், மனித உரிமைகள் ஆணைக்குழு, நீதிமன்றம் என்பவைதான் அவர்களுக்குரிய வாசல்கள்.

நுண்கடன் நிறுவனம் என்னைச் சபைக்கு அழைத்திருக்கிறது. சிறை போட்டுவிடுவார்களா?

மாட்டார்கள். அது அழைப்பாணை அல்ல. ஆனாலும் போங்கள், ரசீதுகள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தண்டம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக் காட்டச் சொல்லுங்கள். கட்டக்கூடிய தவணைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஒரே நிறுவனத்தின் கோப்புகள் வரிசையாக வந்தால், எந்த மத்தியஸ்தருக்கும் கை வேகமாக ஓடத் தொடங்கும். வசூல் அலுவலகமாகச் சபை மாறக்கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன். உங்களுக்குரிய நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கணவர் அடிக்கிறார். "சபையில் பேசி ஒற்றுமையாக இருங்கள்" என்கிறார்கள்.

வேண்டாம். அடிப்பவரும் அடிபடுபவரும் சமமாக உட்கார்ந்து பேச முடியாது. சபையில் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனபின் என்ன நடக்கும் என்பது அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பணியகம், பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சட்ட உதவி ஆணைக்குழு ஆகியோரிடம் போகலாம். பிள்ளைகள் மீதான பாலியல் குற்றத்தை ஊர்ப் பெரியவர்கள் "பேசி முடிப்பது" மத்தியஸ்தம் ஆகாது. அது குற்றத்தை மறைப்பது.

மறுசீரமைப்பு நீதி என்கிறார்கள். அதுவும் மத்தியஸ்தமும் ஒன்றா?

உறவுண்டு, ஒன்றல்ல. மத்தியஸ்தத்தில் இரு தரப்பும் பிணக்கில் இருப்பவர்கள். மறுசீரமைப்பு நீதியில் ஒருவர் தீங்கு செய்தவர், மற்றவர் தீங்குக்கு ஆளானவர், அந்த வேறுபாட்டை மழுப்பக்கூடாது. யாருக்கு என்ன தீங்கு, அதைச் சரிசெய்ய என்ன தேவை, அதை யார் செய்ய வேண்டும் என்பவைதான் அதன் கேள்விகள். 1974இல் கனடாவின் எல்மைரா என்ற ஊரில் 22 இடங்களில் சேதம் விளைவித்த இரண்டு இளைஞர்களை வீடு வீடாக அழைத்துச் சென்று பாதிக்கப்பட்டவர்களைச் சந்திக்க வைத்ததை இதன் நவீனத் தொடக்கமாகச் சொல்வார்கள். நியூசிலாந்தில் 1989இல் இளவயதினரின் குற்றங்களுக்குக் குடும்பக் கூட்டங்கள் நடத்துவதைச் சட்டமாக்கினார்கள்.

நம் சபையிலும் அதன் சாயல் வந்துபோகும். திருகோணமலை நகரின் அனுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு பையன் கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டான். தகப்பன் பணத்தோடு வந்து மேசையில் வைத்தார். கடைக்கார அக்கா பணத்தைத் தொடவில்லை. "அன்றிலிருந்து இரவில் ஷட்டர் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அதை இவனுக்குத்தான் சொல்ல வேண்டும், உங்களுக்கல்ல" என்றார். பையன் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தகப்பனின் பணத்தை எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்து, தன் வேலைச் சம்பளத்தில் தவணையாகக் கட்டுவதாகச் சொன்னான்.

அப்படியென்றால் போர்க்காலத்தில் நடந்தவற்றையும் இப்படிப் பேசித் தீர்க்கலாமே?

இந்தக் கேள்வி பெரும்பாலும் வெளியூரிலிருந்து வருகிறவர்களிடமிருந்தே வருகிறது. 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். அதே 2006 ஆகஸ்டில் மூதூரில் 17 தொண்டு நிறுவனப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். இவை எங்கள் மேசைக்கு வரும் விடயங்கள் அல்ல. செய்தவர் யாரென்று சொல்ல ஒருவரும் முன்வராத இடத்தில் யாரையும் யாரும் மன்னிக்க முடியாது. காணாமல் போனோர் பற்றிய அலுவலகம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், இழப்பீட்டுக்கான அலுவலகம் 2018ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் அமைக்கப்பட்டன. பிள்ளைகளைத் தேடும் தாய்மார் கேட்பது உண்மையையும் விசாரணையையும். அவர்களிடம் போய் "சமாதானமாகப் போங்கள்" என்று சொல்லும் வேலைக்கு எந்த மத்தியஸ்தரும் ஆளாகக்கூடாது.

நான் மத்தியஸ்தராக விரும்புகிறேன். எப்படி?

அரசியல் சார்பற்ற ஊர் அமைப்புகள் பெயர்களைப் பரிந்துரைக்கலாம்: மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மரண உதவிச் சங்கம் போன்றவை. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். நீதி அமைச்சின் பயிற்றுவிப்பாளர்கள் ஐந்து நாள் பயிற்சி தருவார்கள். அதில் தேறியவர்களிலிருந்து ஆணைக்குழு நியமிக்கும், தவணை மூன்று வருடம். கட்சியில் தீவிரமாக இருப்பவர் வேண்டாம். பெண்கள் போதாது, இளையவர்கள் மிகவும் போதாது. மீனவர், விவசாயி, தையல் வேலை செய்பவர் என்று ஊரின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தால்தான் மாட்டு வழக்கில் வேலியைப் பற்றிக் கேட்க ஒருவர் இருப்பார்.

முதல் நாள் என்ன கொண்டு வர வேண்டும்?

அடையாள அட்டை, அழைப்புக் கடிதம், உறுதி அல்லது அனுமதிப்பத்திரத்தின் பிரதி (மூலத்தைக் காட்டிவிட்டு உடனே வாங்கிக்கொள்ளுங்கள்), ரசீதுகள், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, இருந்தால் புகைப்படங்கள். ஆதரவுக்கு ஒருவர் வரலாம், பத்துப் பேர் வேண்டாம். அரை நாள் விடுமுறை போடாமல் முழு நாளாகப் போடுங்கள். உங்களுக்கு முன்னால் ஒரு வேலிச் சண்டை இருந்தால் மதியம் தாண்டிவிடும்.